மண் கீழே, இலை மேலே: சென்னையின் பழைய கட்டடத்தில் பசுமை ஏற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டு மாடியில் முதன்முதலாகத் தோட்டம் போட்டபோது நான் நேராக நர்சரிக்குத்தான் போனேன். செடி வாங்கினேன், செம்மண் வாங்கினேன், கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டினேன். கட்டடம் என்று ஒன்று கீழே இருப்பது நினைவுக்கு வந்தது ஐப்பசியில், படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்த பிறகு. நல்லவேளை, பகலில் விழுந்தது. பாத்தியைக் கலைத்துப் பார்த்தால், மழைநீர்க் குழாயின் வாயை நானே மண்ணால் அடைத்து வைத்திருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் செடி கடைசியில்தான் வரும். 30, 40, 60 வயதான கட்டடத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கூரை எதனால் ஆனது, எவ்வளவு தாங்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றையும். அதைப் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் நான் வந்த முடிவுக்கே வருவார்கள்: எடையுள்ள மண் தரையில் இருக்கட்டும், எடையில்லாத இலையை மட்டும் மேலே ஏற்றலாம்.

கூரை எது என்று பாருங்கள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மண்ணடி பக்கத்துப் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும். அதுதான் மெட்ராஸ் டெரஸ். கட்டைகளுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்கோணத்தில், சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், அதற்கும் மேல் தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பு அது. நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். ஆனால் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் இறங்கினால் மரம் உள்ளேயே உளுத்துவிடும். கரையானும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்த வகைக் கூரையில் மண் போடவே கூடாது. பாத்தி, தொட்டி, புல்தரை எதுவும் வேண்டாம். உங்கள் பசுமை முழுவதும் சுவரிலும் முற்றத்திலும் வாசலிலும்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அறுபதுகளுக்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் கான்கிரீட் தளம். தி.நகர், அசோக் நகர், அண்ணா நகர், அடையாறு வீடுகளும் எண்பதுகளின் மூன்று மாடி அடுக்ககங்களும் இந்த ரகம். இங்கே பயப்பட வேண்டியது கம்பியின் துருவுக்கு. கடல் காற்றில் உப்பு உண்டு. அது கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். கூரையில் நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, அப்புறம் பூச்சு உதிர்வது என்று வரிசையாக வரும். பெசன்ட் நகரில் இதைப் பார்க்காத வீட்டுக்காரர் குறைவு.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கம்பை எடுத்து மேல் மாடி அறைகளின் கூரையை அடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் இறுக்கமாக வரும். பூச்சு விட்டுப்போன இடத்தில் பானையைத் தட்டினாற்போல் வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நாலைந்து வட்டத்துக்கு மேல் வந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ரீபவுண்ட் ஹாமர் போன்ற உடைக்காத சோதனைகளை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வருவார். "எங்க கொத்தனார் பார்த்துட்டார், ஒண்ணும் ஆகாதுன்னார்" என்பது அறிக்கை ஆகாது.

எடைக் கணக்கு

இந்தியத் தர நிர்ணயப்படி, ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமை என்று வைத்துக் கட்டுவார்கள். நம் கணக்கில் சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு அதில் பாதிதான். நாற்பது வருடத் துரு இந்த எண்ணைக் குறைத்திருக்குமே ஒழியக் கூட்டியிருக்காது.

இப்போது ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள க்ரோ பேகை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டுவிட்டு வெறும் செம்மண்ணால் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். அது உட்காருவது ஒரு சதுர அடியில். அடுத்தடுத்து நெருக்கி வைத்தால் தளம் தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டீர்கள். செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சம பங்கு கலந்தால் ஈரத்தோடு 20 முதல் 25 கிலோவுக்குள் நிற்கும். அப்படியும் ஒரு பைக்கு மூன்று சதுர அடி என்று இடைவெளி விடுங்கள். நடக்க வழியும் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு மறைமுகச் சுமை இருக்கிறது. ஒழுகுகிறது என்று எப்போதோ பழைய தட்டோட்டின் மேலேயே இரண்டாவது முறை சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், போட்டிருப்பார்கள். மூன்று அங்குலச் சுருக்கி சதுர அடிக்கு 12, 13 கிலோ வரும். அப்படியென்றால் உங்கள் 14 கிலோவை அந்தக் காலத்துக் கொத்தனார் ஏற்கெனவே செலவழித்துவிட்டார். மழைநீர்க் குழாயின் வாய் தரையைவிடக் கிணறு மாதிரி ஆழத்தில் இருக்கிறதா, மாடிக் கதவின் வாசற்படி வழக்கத்தைவிடத் தாழ்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இரட்டைத் தளத்தின் அடையாளம். கான்கிரீட்டுக்கு மேலுள்ள அந்த இரண்டு அடுக்கையும் பெயர்த்தெடுத்து, எடை குறைந்த கசிவுத் தடுப்பாக மாற்றினால் அந்தச் சுமையைத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். செலவுதான், ஆனால் கான்கிரீட் வீட்டில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

எடையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கீழே சுவரோ உத்தரமோ ஓடும் கோட்டின் மேலே வையுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு நேர் மேலே காலியாக விடுங்கள். சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பலகை. அதில் ஒரு தொட்டிகூட வேண்டாம். கைப்பிடிச் சுவரின் மேலும் வேண்டாம். தெருவில் நடப்பவர் தலை உங்களுடையது இல்லை.

வாட்டமும் கசிவும்

சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கொட்டிவிடும், அதுவும் சில நாட்களில் மொத்தமாக. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும். மாடியில் அரை அடி தண்ணீர் தேங்கினாலே சதுர அடிக்கு 14 கிலோ. அதாவது மண்ணே இல்லாமல் முழுச் சுமை. ஆகவே குழாய் வாயைச் சுற்றி இரண்டு அடிக்கு எதுவும் இருக்கக்கூடாது. வாயின் மேல் கூம்பு வடிவச் சல்லடை போடுங்கள். தட்டையான சல்லடையை இரண்டு வாழையிலைச் சருகு மூடிவிடும்.

குழாய்ப் பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் போதும். ஒரு வாளித் தண்ணீரை மேட்டில் ஊற்றி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் தளமாக இருந்தால் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழே கூரையைக் கவனிக்கலாம். மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் நீங்களே அனுப்பி வைத்ததாகிவிடும்.

கசிவுத் தடுப்பு வேலையைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். தளம் முழுக்கக் காய்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும். சுவரும் தளமும் சேரும் மூலையை வட்டமாக மெழுகி, பூச்சைச் சுவரில் ஓர் அடி மேலே ஏற்றச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கிறது.

பழைய சுவரில் தானாக முளைத்த அரசங்கன்று, ஆலங்கன்று இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். காக்கை போட்ட விதை. "பசுமைதானே" என்று விட்டால் பத்து வருடத்தில் சுவரைப் பிளக்கும். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். மழைக்காலத்தில் காரை இளகியிருக்கும்போது இணைப்பைக் கொஞ்சம் திறந்து வேரோடு உருவி, காய்ந்தபின் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். அது வேரைக் கொல்வதற்கு முன் சுண்ணாம்பைத் தின்றுவிடும்.

எந்தச் சுவருக்கு நிழல் வேண்டும்?

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் கத்திரி வெயிலில் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை. கூரையும் மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் காய்கின்றன. கிழக்குச் சுவர் மதியத்துக்குமேல் ஆறத் தொடங்கிவிடும். மேற்குச் சுவர் மாலை வரை வெயிலை வாங்கி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடும். ஒரே ஒரு சுவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் மேற்குச் சுவர்.

கொடியைத் தரையிலிருந்து ஏற்றுதல்

பழைய வீடுகளில் மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே ஐந்தடி சந்து இருக்கும். அதையும் சுத்தமாக இருக்கட்டும் என்று சிமென்ட் போட்டு மூடியிருப்பார்கள். மதிலை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு அந்தச் சிமென்ட்டை உடைத்தெடுங்கள். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளியே குழி இருக்கட்டும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை பக்கம் மணல்; தண்ணீர் உடனே இறங்கிவிடும், அதனால் மட்கிய உரம் கூடுதலாக வேண்டும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம், பெரம்பூர் பக்கம் களிமண். இரண்டடி ஆழம் தோண்டி அடியில் செங்கல் ஜல்லி போட்டு, மணல் கலந்து நிரப்புங்கள். சிமென்ட் உடைத்த அந்த இடம் மழைநீரையும் உள்ளே வாங்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடிக் குழாயின் நீர் போகும் பழைய தொட்டி மண் மூடிக் கிடந்தால் இதே ஆட்களை வைத்துத் தூர்வாரிவிடுங்கள்.

அடுத்து, கொடி ஏற எது? இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சுவரிலேயே வேர் பதித்து ஒட்டும் அத்திக்கொடி, மணி பிளான்ட் வகைகளைப் பழைய சுவரில் விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு அவற்றோடு சேர்ந்து வந்துவிடும். சுற்றி ஏறும் கொடியாக இருக்க வேண்டும். அதற்குச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி ஒரு சட்டம் வேண்டும். அந்த அரை அடிக் காற்றிடைவெளியில்தான் பாதிக் குளிர்ச்சி இருக்கிறது, ஓதமும் பிடிக்காது.

கான்கிரீட் தூண் உள்ள வீட்டில் தூணில் மட்டும் போல்ட் அடித்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இழுத்துக் கட்டலாம். 304 ரகம் போதும். கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் என்றால் 316 கேளுங்கள். சாதாரண கால்வனைஸ் கம்பி அங்கே சீக்கிரமே துருப்பிடிக்கும். சுண்ணாம்புச் சுவரில் துளையே போடாதீர்கள். தரையில் ஊன்றிய இரும்புக் குழாயோ, அதற்கும் காசில்லை என்றால் சாரம் கட்டும் சவுக்குக் கம்போ போதும். சவுக்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கொடிகளில் என் முதல் தேர்வு ரங்கூன் மல்லி. இரண்டு மாடி சாதாரணமாக ஏறும், வெயிலைத் தாங்கும், வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும், இரவில் வாசனை. கவாத்து செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும் என்பது ஒன்றுதான் குறை. காகிதப்பூ இன்னும் குறைவான தண்ணீரில் வாழும், ஆனால் முள். முல்லையும் சங்குப்பூவும் ஒரு மாடி உயரத்துக்குச் சரி. சமையலுக்கும் உதவட்டும் என்றால் கோவைக்காய், பசலைக்கொடி, பிரண்டை. பிரண்டையைச் சாகடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அவரை, பீர்க்கு, பாகல் பருவத்துக்கு நன்றாக மூடும். கத்திரி வெயிலில் சுவர் வெறுமையாகிவிடும், அதனால் நிழலுக்கு அவற்றை நம்பக்கூடாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றது வயலுக்கு மட்டுமில்லை. ஆடியில் நட்டால் மழைக்கு முன் வேர் பிடித்து, அடுத்த சித்திரைக்குள் சுவரில் பாதியை மூடியிருக்கும்.

ஜன்னலுக்கும் ஏசி வெளிப்பெட்டிக்கும் மின் இணைப்புக் கம்பிக்கும் ஒன்றரை அடி தூரம் கொடியை நெருங்கவிடாதீர்கள். எலிக்கு அது ஏணி. கொடி நட்ட மண்ணில் பெருச்சாளி வளை தோண்டுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

அப்புறம் மாடி

பொறியாளர் சரி என்று சொன்ன கான்கிரீட் தளத்தில் மட்டும் இது. பைகள், தொட்டிகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் நான்கு அங்குலம் உயர்த்திய தாங்கியில் வையுங்கள். அடியில் விளக்குமாறு நுழைய வேண்டும். தென்னைநார்க் கட்டியை உப்புப் போக இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் எழுபது லிட்டர் வரை பெருகும். பை, விதை, உரம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பைத் தமிழகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருவதுண்டு. ஆரம்பிக்க நல்ல வழி.

கூரை முழுக்கப் பச்சைப் போர்வையாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கசிவுத் தடுப்பு, அதன்மேல் காப்புப் பூச்சு, வேர் துளைக்காத பாலித்தீன் விரிப்பு, தண்ணீர் வடியும் பிளாஸ்டிக் பலகை, மண் கசியாத துணி, நான்கு அங்குல லேசான மண் கலவை என்று அடுக்க வேண்டும். நனைந்தால் சதுர அடிக்கு 11, 12 கிலோ. கிட்டத்தட்ட முழு ஒதுக்கீடும் தீர்ந்தது, நீங்கள் ஏறி நடக்க இடமில்லை. பழைய வீட்டில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவர்க் கோட்டின் மேல் நீளமான தொட்டிகளை வைத்து அவற்றிலிருந்து கர்ட்டன் கிரீப்பரை மேற்குப் பக்கம் தொங்கவிடுங்கள். மிச்சத் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடியுங்கள். குறைந்த எடையில் நல்ல குளிர்ச்சி.

கடைகளில் விற்கும் செங்குத்துத் தோட்டச் சட்டங்கள் படத்தில் அழகாக இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு சின்னத் தொட்டியிலும் கைப்பிடி மண்தான். மே மாதத்தில் இரண்டு நாள் மோட்டார் ஓடாவிட்டால் சுவர் முழுக்க வைக்கோல். வாசலில் ஒரு சின்னச் சட்டம் போதும். ரோயோ, கற்பூரவல்லி, பத்துமணிப்பூ தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர்

மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்புக்கு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் போகும். 2019 கோடையில் லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. குடிநீரைச் செடிக்கு விட மனசு வராது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடியுங்கள்: ஒன்றரை டன் ஏசி ஓரிரவில் பத்து லிட்டர் வரை தரும், உப்பே இல்லாத நீர். ஆர்ஓ கழிவு நீரில் உப்பு அதிகம். பாதிக்குப் பாதி வேறு நீர் கலந்து விடுங்கள், இலை நுனி கருகினால் நிறுத்துங்கள். அரிசி கழுவிய நீர் வழக்கம்போல.

சொட்டுநீர் போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். மாடித் தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தாலும் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். அழுத்தம் சமன்செய்யும் விலையுயர்ந்த சொட்டுவான்கள் அதில் சரியாக வேலை செய்யாது. திருகித் திறக்கும் சாதாரணச் சொட்டுவானும் ஒரு வடிகட்டியும் வாங்குங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து சோதிக்க வருபவர் முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

அடுக்ககமாக இருந்தால்

மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. சங்கக் கூட்டத்தில் வைத்து, கசிவு வந்தால் யார் செலவு, இலை பெருக்குவது யார் என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். "பாம்பு வரும்" என்று ஒருவர் சொல்வார். எங்கள் தெருவில் கீழ்வீட்டு மாமி கேட்டது இன்னும் நியாயம்: "இலை கொட்டறது என் வாசல்ல, காத்து வர்றது உங்க ரூம்லயா?" அவர் ஜன்னலுக்கும் ஒரு முல்லைக் கொடி ஏற்றிக்கொடுத்த பிறகு பிரச்சினை முடிந்தது.

ஐப்பசிக்கு முன்

தீபாவளிச் சுத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிக் காற்று புக வழிவிடுங்கள். கட்டட விதிகள் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது நிழல்வலை கட்டியிருந்தவர்களில் பலர் சட்டத்தோடு அதைப் பறிகொடுத்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள், தொங்கும் தொட்டிகளை இறக்குங்கள், லேசான பைகளைச் சுவரோரம் ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் கட்டிவையுங்கள்.

முதல் பெரிய மழைக்குப் பிறகு மேல்மாடி அறைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கறை தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டியிருந்தால், செடிகளைக் கலைக்கும் முன் மாடிக்குப் போய்க் குழாய் வாயில் கையை விட்டுப் பாருங்கள். நான் அங்கிருந்து எடுத்தது ஒரு கைப்பிடி மண்ணும் என் பழைய பாத்தியின் அரைச் செங்கல்லும்.